குறி தவறும் குண்டின் மூலம்

ஸ்பிரிங்கின் விசையால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி ஒன்று, தரையில் விழுந்த பிறகோ குண்டேற்றும்போது நேர்ந்த விபத்துக்குப் பிறகோ குறி தவறத் தொடங்கினால், அதன் காரணத்தைத் தேட வேண்டிய முதல் இடம் 10 மீட்டர் தொலைவில் மாட்டியிருக்கும் காகித அட்டை. ஒரே புள்ளியைக் குறிபார்த்து, ஐந்து ஐந்து குண்டுகளாக இரண்டு மூன்று முறை சுட்டுப் பார்த்தால், அட்டையில் விழும் துளைகள் இரண்டில் ஒரு கதையைச் சொல்லும். துளைகள் முன்போலவே நெருக்கமாக, ஆனால் வேறோர் இடத்தில் கூடி விழுவது இடப்பெயர்ச்சி. கூட்டமே கலைந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுவது சிதறல். வளைந்து நிலைத்துவிட்ட உறுப்பு ஒவ்வொரு முறையும் ஒரே தவற்றையே செய்யுமாதலால் இடப்பெயர்ச்சியைத் தருகிறது. தளர்ந்த உறுப்போ ஒவ்வொரு முறையும் வேறோரிடத்தில் வந்து நிற்குமாதலால் சிதறலைத் தருகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் துப்பாக்கியைப் பிரிக்கத் தொடங்குபவர், பழைய பிழையோடு புதிய பிழையையும் சேர்த்துவிடும் வாய்ப்பே மிகுதி.

இவ்வகைத் துப்பாக்கியில் காற்று முன்கூட்டியே அடைத்து வைக்கப்படுவதில்லை. குழல் மடங்கும் வகையில், குழலை மடக்கும்போது அதனோடு பிணைந்த நெம்புகோல் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி ஸ்பிரிங்கைச் சுருக்க, பிஸ்டனை ஒரு கொக்கி பிடித்துக்கொள்கிறது; விசையை இழுத்ததும் கொக்கி விலக, பிஸ்டன் முன்னே பாய்ந்து உருளைக்குள் இருக்கும் காற்றை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நெருக்க, அந்தக் காற்று குறுகிய துளை வழியே சென்று குண்டை உந்துகிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. நெருக்கப்பட்ட காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும்போது துப்பாக்கி முன்னே இழுபடுகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே இந்த அசைவு தொடங்கிவிடுவதால், கை எங்கே தாங்குகிறது, எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதுகூடக் குறியை மாற்றும். ஆகவே விபத்தின்மீது பழிபோடுவதற்கு முன், துப்பாக்கியை விரித்த உள்ளங்கையில் தளர்வாக, எப்போதும் ஒரே இடத்தில் தாங்கிச் சுட்டுப் பார்ப்பது தேடலின் முதல் ஒழுங்காகிறது.

விபத்துகளுள் குழல் மடங்கும் வகைக்கே உரியது ஒன்று உண்டு. ஸ்பிரிங் ஏற்றப்பட்டு, குழல் இன்னும் திறந்திருக்கையில், விசை தவறி இழுபட்டாலோ கொக்கி தேய்ந்து நழுவினாலோ, விடுபட்ட ஸ்பிரிங் நெம்புகோலின் வழியே குழலை மேல்நோக்கிச் சுண்டி மூடுகிறது. அவ்வேளையில் விரல் இடையில் இருந்தால் நேரும் காயம் கொடியது. குண்டு வைக்கும்போது மறு கை குழலை விடாமல் பற்றியிருக்க வேண்டும் என்ற விதி அதனாலேயே ஏற்பட்டது. துப்பாக்கிக்கு நேர்வது வேறு. குழலின் அடிக்கட்டை உடலில் மோதிச் சட்டென நின்றுவிட, நீண்ட முன்பகுதி தன் வேகத்தால் மேலும் உயர முயல்வதால், கட்டையை விட்டுக் குழல் வெளிப்படும் இடத்தில் அது மேல்நோக்கி வளைகிறது. இவ்விபத்துக்குப் பிறகு குண்டுகள் கூட்டமாக, ஆனால் உயரத்தில் விழுவதன் காரணம் இதுவே.

அந்த வளைவின் அளவைக் கண்ணால் காண்பது எளிதன்று. 400 மில்லிமீட்டர் நீளமுள்ள குழலின் வாய் 2 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், அது நீளத்தில் இருநூறில் ஒரு பங்கு. உடலின்மேல் பொருத்திய ஸ்கோப் வழியாகக் குறிபார்க்கும்போது, 10 மீட்டரில் அதே விகிதம் 50 மில்லிமீட்டராக வளர்கிறது. பன்னாட்டுப் போட்டிகளின் 10 மீட்டர் அட்டையில் கடைசி வளையத்தின் விட்டமே 45.5 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், நடுப்புள்ளியைக் குறிபார்த்த குண்டு வளையங்கள் அனைத்தையும் தாண்டிப் போய்விடும் என்பது விளங்கும். வியப்பு என்னவெனில், பின்குறி அடிக்கட்டையிலும் முன்குறி குழல்வாயிலும் அமைந்த துப்பாக்கியில் இதே வளைவு ஏறக்குறைய மறைந்துபோகிறது. குழல்வாயோடு சேர்ந்து முன்குறியும் உயர்ந்துவிடுவதால், இரு குறிகளையும் நேர்ப்படுத்தும் கை தன்னையறியாமல் குழலைத் தாழ்த்திக்கொள்கிறது. எனவே இரும்புக் குறிகளில் சரியாகவும் ஸ்கோப்பில் உயரமாகவும் சுடும் துப்பாக்கி, ஒன்று அடியில் வளைந்த குழலைக் காட்டுகிறது, அல்லது இடம் நகர்ந்த ஸ்கோப்பைக் காட்டுகிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிய அட்டை போதாது. உறுப்புகளையே நேரில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் ஏற்றப்படாத, குண்டு இல்லாத நிலையை உறுதிசெய்துகொண்டு குழலைச் சற்றே திறந்து, அடிப்புறத்திலிருந்து வெளிச்சமான சன்னலை நோக்கிப் பார்த்தால், உட்சுவரில் ஒளியும் நிழலும் ஒன்றனுள் ஒன்றாக வளையங்களாய்த் தெரியும். நேரான குழலில் அவ்வளையங்கள் ஒரே மையத்தைச் சுற்றி நிற்கும். வளைந்த குழலில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். ஸ்கோப்பின் பிடிகளிலோ, பிடி வழுக்கிய தடம் உலோகத்தில் மினுங்கும். தடம் இல்லாதபோது, பிடியின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடிட்டு இருபது முறை சுட்டபின் பார்த்தால் நகர்வு வெளிப்படும். முன்னும் பின்னும் உதைக்கும் இத்துப்பாக்கி ஸ்கோப்பையும் இரு திசையிலும் இழுக்கிறது என்பதால் இப்பரிசோதனை தவிர்க்கத்தக்கதன்று.

சிதறலின் தேடல் வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்வது நலம். மரக்கட்டையை உடலோடு பிணைக்கும் ஸ்குரூக்கள் அதிர்வினால் தளர்வது மிகப் பொதுவானது. அவற்றை இறுக்கிய பின் மீண்டும் ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்க்காமல் அடுத்த உறுப்பைத் தொடலாகாது. அடுத்தது குழலின் வாய். வாயின் விளிம்பில் ஏற்பட்ட சிறு நசுங்கல், குண்டு வெளியேறும் கணத்தில் காற்றை ஒரு பக்கமாக முதலில் வெளியேற்றி அதன் வாலைத் தள்ளிவிடும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை அவ்விளிம்பில் மெல்லச் சுழற்றினால், பிசிறு உள்ள இடத்தில் பஞ்சு இழை சிக்கிக்கொண்டு நிற்கும். பின்னர் மூட்டு: ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் கையால் காத்தபடி குழலைச் சிறிது நகர்த்தினால் நிறுத்திய இடத்தில் அது நிற்க வேண்டும், தானே தொங்கினாலோ பக்கவாட்டில் ஆடினாலோ, ஒவ்வொரு முறை மூடும்போதும் குழல் சற்றே வேறு கோணத்தில் அமர்கிறது என்பது பொருள்.

உள்ளே உள்ள கோளாறுகள் கடைசியில் ஆராயப்பட வேண்டியவை. மூட்டின் மேல் மெல்லிய காகித இழையை வைத்துச் சுடும்போது அது பறந்தால், குழலடியின் வாஷர் காற்றைக் கசியவிடுகிறது. குண்டில்லாமல் வெறுமனே சுட்டிருந்தால், காற்றுத் தடை போதாமல் பிஸ்டன் உருளையின் முகப்பில் மோதி, பிஸ்டனின் வாஷரும் ஸ்பிரிங்கும் சேதமுற்றிருக்கலாம். பழுதுபார்ப்பதாக எண்ணி ஊற்றிய எண்ணெயும் குற்றவாளியாகலாம். நெருக்கப்பட்ட காற்றின் வெப்பத்தில் எண்ணெய் பற்றிக்கொள்ள, டீசல் எஞ்சினில் நிகழ்வதே இங்கும் நிகழ்ந்து, குண்டின் வேகம் முறைக்கு முறை மாறுகிறது. இங்கிலாந்தில் கார்டியூ என்னும் தந்தையும் மகனும் 1976இல் வெளியிட்ட ஆய்வு நூலில், உயிர்வாயு இல்லாத நைட்ரஜன் சூழலில் துப்பாக்கியைச் சுட்டு வேகம் குறைவதைக் கண்டு, இந்த எரிதலின் பங்கை நிறுவினர்.

வடிவமைத்தவர்களும் இதே மூலங்களைத்தான் தேடினார்கள். பர்மிங்காமின் லிங்கன் ஜெப்ரீஸ் வடிவமைத்து, பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905இல் தயாரிக்கத் தொடங்கிய துப்பாக்கியில், ஸ்பிரிங்கை ஏற்றும் வேலை கீழ்நெம்புகோலுக்கு மாற்றப்பட்டுக் குழல் அசையாமல் நிறுத்தப்பட்டது. மூட்டின் ஆட்டமும் குழல் சுண்டி வளையும் விபத்தும் அதனோடு நீங்கின. ஜெர்மனியின் பைன்வெர்க்பாவ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த போட்டித் துப்பாக்கியில், உலோக உடல் மரக்கட்டையின்மேல் தண்டவாளத்தில் போலச் சறுக்கி, உதைப்பைத் தோளுக்குச் சேராமல் செய்தது.

வளைந்த குழலைத் தேறாத பொருளென்று ஒதுக்க வேண்டியதில்லை. புதுக் குழலையும் துப்பாக்கித் தொழிலாளர்கள் அதே ஒளி வளையங்களைப் பார்த்து, சிறிது சிறிதாக அழுத்தி வளைத்துத்தான் நேராக்கி வந்தார்கள். அனுபவமுள்ள கை, விபத்து வளைத்ததையும் அவ்வாறே மீட்கும். ஆனால் கொக்கியும் விசையும் ஏன் நழுவின என்பதைக் கண்டு சரிசெய்யும் வரை குழல் மட்டும் நேரானால் போதாது, ஏனெனில் குண்டை உயரே அனுப்பியது வளைவு என்றால், வளைவைப் பெற்றெடுத்தது அந்த நழுவல்; அடுத்த முறை அங்கே குழலின் இடத்தில் ஒருவரின் விரல் இருக்கக்கூடும்.