கை தவறியதா, கருவி தவறியதா?

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரிப் பரிசளிப்பு விழாவில் நிகழ்ந்ததொன்றை இங்கு எழுதத் துணிகின்றேன். அதிபர் அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தபோது மண்டபத்து விளக்குகள் அனைத்தும் அணைந்தன. மேடையோரத்தில் நின்ற மாணவன் மின்விசிறியின் ஆளியென எண்ணி விளக்குகளின் ஆளியை அமுக்கிவிட்டான். “கண்ணைத் திறந்து வேலை செய்யத் தெரியாதா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறாது தலைகுனிந்து நின்றான்.

அண்மையில் விமான நிகழ்ச்சியொன்றைப் பற்றிப் படித்தபோது அக்குனிந்த தலை என் கண்முன் வந்தது. 2011 செப்டெம்பர் 6 இல் ஒக்கினாவாவிலிருந்து தோக்கியோவுக்கு 117 பேருடன் யப்பானிய விமானமொன்று பறந்தது. கழிவறைக்குச் சென்று மீண்ட தலைமை விமானிக்குக் கதவு திறக்க முனைந்த துணை விமானி, கதவின் குமிழென எண்ணிச் சுக்கானைச் சீராக்கும் குமிழைத் திருப்பினார். விமானம் ஏறத்தாழத் தலைகீழாகப் புரண்டு, அரை நிமிடத்தில் சுமார் 1,900 மீற்றர் தாழ்ந்தது. அவரே பின்னர் அதனை நிமிர்த்தினார். பணிப்பெண்கள் இருவர் சிறு காயமுற்றனர், உயிர்ச்சேதம் இல்லை.

ஆராய்ந்தோர் அவரைக் குறைகூறியதோடு அமைந்தாரல்லர். அவர் முன்பு ஓட்டிய போயிங் 737-500 இன் கதவுக் குமிழும், அன்று ஓட்டிய 737-700 இன் சுக்கான் குமிழும் இடத்தாலும் வடிவாலும் அளவாலும் ஒத்திருந்தமையையும் எடுத்துக்காட்டினர். பழகிய கை பழைய இடத்தையே நாடிற்று.

இது புதிய உண்மையன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானிகள் பலர், தரையிறங்கியபின் இறக்கைத் தட்டுகளை மடக்க எண்ணிச் சில்லுகளை மடக்கிவிட்டனர். இரு பிடிகளும் ஒரே தோற்றத்துடன் அருகருகே இருந்தன. அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலறிஞர் ஒன்றின் முனையில் சிறு சில்லையும், மற்றதில் தட்டுப் போன்ற வடிவத்தையும் பொருத்தச் செய்தார். கண் பாராவிடினும் கை அறிந்துகொண்டது. இன்றும் பயணிகள் விமானங்களில் சில்லுப் பிடி சில்லு வடிவிலேயே அமைகின்றது. எரிபொருளை நிறுத்தும் ஆளியையோ மேலே தூக்கிய பின்னரே அசைத்தல் கூடும்.

கவனம் வேண்டாவென்று நான் கூறவில்லை. கவனமுள்ளவனும் தவறுவான் என்றறிந்து கருவியை அமைப்பதே அறிவுடைமை என்கின்றேன்.

இதனைப் படித்த மறுநாள் மண்டபத்து ஆளிப் பலகையைச் சென்று பார்த்தேன். ஆறு ஆளிகள், ஒரே நிறம், ஒரே வடிவம், ஒன்றிலேனும் பெயரில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியன் என்னும் சான்றிதழ் பெற்ற நான், பிழையைக் கண்டால் அதன் காரணத்தைத் தேடவேண்டும் என்னும் முதற்பாடத்தை அன்று மறந்துவிட்டேன். ஒவ்வோர் ஆளியின் கீழும் பெயரெழுதி ஒட்டினேன். அதற்குக் கால் மணி நேரமே சென்றது.

அம்மாணவர் இன்று நம் பழைய மாணவருள் ஒருவர். இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின் ஒன்று கூறுவேன்: தம்பி, அன்று உன் கை தவறியது சிறிது; என் நாத் தவறியதே பெரிது. பொறுத்தருள்க.