லாசா நகரில் நான்கு நாட்கள்

லாசா நகருக்கு எமக்கு முன்னரே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் போய் வந்திருக்கிறார். நயின் சிங் என்பது அவர் பெயர். இமயமலைச் சாரலிலே குமாவோன் பகுதியைச் சேர்ந்த மிலாம் என்னும் சிற்றூர்ப் பாடசாலையின் தலைமையாசிரியர். அந்நியர் திபெத்துக்குள் காலடி வைக்கலாகாது என்று கட்டளை இருந்த காலத்தில், இந்திய நில அளவைப் பகுதியார் அவருக்குப் பயிற்சியளித்து மாறுவேடத்தில் அனுப்பிவைத்தனர். 1866ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் லாசாவை அடைந்தார். கையிலே ஒரு செபமாலை. முறையான பௌத்த மாலைக்கு 108 மணிகள். அவருடைய மாலைக்கோ நூறு மணிகளே. நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். கையில் சுழன்ற செபச் சக்கரத்தின் உள்ளே மந்திரத்துக்குப் பதிலாக அளவுக் குறிப்புக்கள் இருந்தன. கண்டவர்கள் அவரைப் பெரிய பக்தர் என்று எண்ணியிருப்பார்கள். அவர் எண்ணியதோ அடிகளை.

எமது பிரயாணத்துக்கு வேடம் வேண்டியிருக்கவில்லை, பத்திரங்களே வேண்டியிருந்தன. சீன நாட்டு விசா மட்டும் போதாது. திபெத்துக்கென்று தனியாக ஓர் அனுமதிப் பத்திரம் உண்டு. அதனை ஒரு பிரயாண முகவர் மூலமாகவே பெறவேண்டும். அவர் ஒழுங்கு செய்யும் வழிகாட்டியுடனேயே சுற்றிப் பார்க்கவும் வேண்டும். மாசி, பங்குனி மாதங்களில் பெரும்பாலும் அந்நியருக்கு அனுமதி வழங்குவதில்லை. 1959 மார்ச்சிலும் 2008 மார்ச்சிலும் அந்நகரில் மூண்ட கிளர்ச்சிகளை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். ஆகவே நாம் ஐப்பசி மாதத்தைத் தெரிந்துகொண்டோம். எம்முடன் கூட வந்தவர் எமது கல்லூரியிலே பூமிசாஸ்திரம் படிப்பிக்கும் நண்பர்.

சினிங் நகரிலே மாலையில் புகையிரதம் ஏறினோம். மறுநாள் விடிந்தபோது மரம் ஒன்றும் இல்லாத ஒரு பெருவெளியில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கொல்முட் என்னும் இடத்திலிருந்து லாசா வரையுள்ள 1,142 கிலோமீற்றர்ப் பாதை 2006ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதிலே 960 கிலோமீற்றர் கடல் மட்டத்துக்கு 4,000 மீற்றருக்கு மேலே செல்கிறது. தங்குலா கணவாயிலே பாதை 5,072 மீற்றருக்கு உயர்கிறது. எமது பிதுருதலாகலை மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான் என்பதை வாசகர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். அதன் தலையில் அதனையே மறுபடி தூக்கிவைத்தாற்கூட அந்தக் கணவாய் சற்று உயர்ந்து நிற்கும். நிலத்தின் அடியிலே என்றும் உறைந்திருக்கும் பனி மண் உருகினால் தண்டவாளம் புதைந்துவிடும். அதற்காகப் பாதையின் இரு மருங்கிலும் இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டு, உள்ளே அமோனியா நிரப்பி, மண்ணிலுள்ள வெப்பத்தை மேலே இழுத்து வெளியேற்றுகிறார்கள். யன்னலோரம் இருந்து பார்த்தால் வேலிக் கதியால்கள்போலத் தோன்றுகின்றன.

இவற்றையெல்லாம் உற்சாகத்தோடு விளக்கிக்கொண்டு வந்த நண்பர், கணவாய் நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்தார். "ஒட்சிசனின் வீதம் குறையவில்லை மாஸ்ரர், காற்றின் அமுக்கந்தான் குறைந்துபோச்சு" என்று தலையை இரு கைகளாலும் பிடித்தபடி பாடத்தை முடித்துவிட்டு, படுக்கையிற் சாய்ந்துவிட்டார். பெட்டியினுள்ளே ஒட்சிசன் விடுவதற்கு வசதி செய்திருக்கிறார்கள். அதன் குழாயை மூக்கிலே வைத்துக்கொண்டு கிடந்த அவரை ஒரு திபெத்தியக் கிழவர் எட்டிப் பார்த்து, தம் பையிலிருந்து உலர்ந்த பாற்கட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். கல்லைப்போல இருந்த அதனை நண்பர் வாயிலே போட்டு லாசா வரும்வரை உமிழ்ந்துகொண்டிருந்தார்.

லாசா 3,650 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே ஒரு மூச்சுக்கு எமது ஊரில் கிடைக்கும் ஒட்சிசனில் மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். முதல் நாள் ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பதே புத்தி. படத்திலே கண்ட மர்ம நகரத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு முதற் பார்வையில் ஏமாற்றமும் உண்டு. அகன்ற தெருக்கள், மாடிக் கடைகள், சீன எழுத்து மின்னும் பலகைகள். ஆனால் அப்பலகைகளிலே திபெத்திய எழுத்தும் இருக்கிறது. அதனை எமது வழிகாட்டி வாசித்துக் காட்டியபோது திடுக்கிட்டோம். ககரத்தில் தொடங்கி ஙகரத்தில் முடிகிறது முதல் வரிசை. அடுத்தது சகரத்தில் தொடங்கி ஞகரத்தில் முடிகிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்திய எழுத்தைப் பார்த்து அமைத்த 30 எழுத்துக்கள். எமது முதலாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தாலும் பாதி வழி கூடவே சொல்லிக்கொண்டு போவார்கள்.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். தேயிலை நாட்டிலிருந்து போன எமக்கு, வெண்ணெயும் உப்பும் இட்டுக் கடைந்த தேநீரை முதல் நாள் விழுங்குவது பெரும்பாடாயிற்று. அதனைத் தேநீர் என்று எண்ணாமல் ரசம் என்று எண்ணிக் குடித்தால் இறங்கும். மூன்றாம் நாள் நாமாகவே கேட்டு வாங்கிக் குடித்தோம்.

மறுநாட் காலை பொதலா மாளிகையைக் கண்டோம். செம்மலை என்னும் குன்றிலிருந்து முளைத்ததுபோல 13 மாடிகளுடன் நிற்கிறது. ஐந்தாவது தலாய் லாமா 1645ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கியது. நாம் சென்றது சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் காலம். சுண்ணாம்புடன் பாலும் சீனியும் தேனும் கலந்து, வாளி வாளியாக மேலிருந்து ஊற்றுகிறார்கள். தொழிலாளருடன் ஊர்மக்களும் சேர்ந்து அதனை ஒரு தொண்டாகச் செய்கிறார்கள். சுவரின் உச்சியிலே தெரியும் கருஞ்சிவப்புப் பட்டை கல் அன்று. சிறு மரக்கொம்புகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிச் சாயம் ஊட்டியது. மேல்மாடியின் பாரத்தைக் குறைக்கும் உபாயம் அது.

பொதலா என்ற பெயரிலே தமிழருக்கு ஒரு பங்கு இருக்கக்கூடும். அவலோகிதேஸ்வரர் என்னும் போதிசத்துவர் வாழும் மலை பொதலகம் என்பது பௌத்தர் நம்பிக்கை. தலாய் லாமாக்கள் அவருடைய அவதாரம் என்று கருதப்படுவதால், அவர்கள் இருப்பிடம் அப்பெயரைப் பெற்றது. அந்த ஆதிப் பொதலகம் எங்கே? 7ஆம் நூற்றாண்டுச் சீன யாத்திரிகரான யுவான் சுவாங் அதனைத் தென்னாட்டிலே, மலய மலைக்குக் கிழக்கே வைக்கிறார். அது நமது பொதிகை மலையே என்பது அறிஞர் சிலரின் துணிபு. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடத்திலே என்று 11ஆம் நூற்றாண்டில் எழுந்த வீரசோழியம் கூறுவதும் இங்கே நினைக்கத்தக்கது. கண்டியிலே நாத தேவாலயத்தில் வழிபடப்படுபவரும் அவரே என்பர். இவற்றை வழிகாட்டிக்குச் சொன்னோம். அவர் நடப்பதை நிறுத்திவிட்டு, "பொதிகை" என்று இருமுறை சொல்லிப் பார்த்தார்.

அவர் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. இளைஞர், திபெத்தியர், சரித்திர அறிவு மிக்கவர்.

மாளிகையின் உள்ளே ஒரு மணி நேரமே அனுமதி. சீட்டிலே நேரம் குறித்திருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் உள்ள கட்டடத்தை ஒரு மணி நேரத்தில் என்ன பார்ப்பது? ஐந்தாவது தலாய் லாமாவின் சமாதித் தூபி ஒன்றின் முன்னே மட்டும் சிறிது நின்றோம். ஏறக்குறைய 3,700 கிலோகிராம் பொன் வேய்ந்தது என்கிறார்கள். அவர் 1682ஆம் ஆண்டிலே காலமானார்; மாளிகை வேலை நின்றுவிடலாகாதென்று அவருடைய அமைச்சர் ஏறக்குறைய 15 ஆண்டுகள் அச்செய்தியை மறைத்துவைத்தார். இறந்தவர் இருப்பதாக நடித்துக் கட்டி முடித்த மாளிகை அது. அப்பால் வெண்மாளிகையிலே, உயிரோடிருந்த ஒருவர் விட்டுச் சென்ற அறைகளைக் கண்டோம். ஆசனம் இருக்கிறது, மெத்தைகள் இருக்கின்றன. யாத்திரிகர்கள் நெற்றியை ஆசனத்தின் விளிம்பிலே ஒற்றிவிட்டு, ஒரு தாளை வைத்துவிட்டு நகர்கிறார்கள். அவருடைய படம் மட்டும் எங்கும் இல்லை. வைத்திருப்பது அங்கே குற்றம்.

நண்பர் சிறுபிள்ளையின் வெள்ளை மனத்தோடு உரக்கக் கேட்டுவிட்டார்: "இந்த ஆசனத்தில் கடைசியாக இருந்தவர் இப்போது எங்கே?"

வழிகாட்டியின் முகத்தில் மாற்றம் ஏற்படவில்லை. "அடுத்த அறைக்குப் போகலாம், நேரம் குறைவு" என்றார். வாயிலருகே சீருடை அணிந்த ஒருவர் நின்றதை அப்போதுதான் கவனித்தோம். நண்பருக்கு விடை தெரியாததன்று. 1959 மார்ச்சிலே இரவோடிரவாகப் புறப்பட்டு, மலைகளைக் கடந்து இந்தியாவிலே தஞ்சம் புகுந்து, தரம்சாலாவில் அமர்ந்தவரை உலகம் அறியும். கேள்வியால் எமக்கு ஒரு கெடுதியும் வரப்போவதில்லை. நான்கு நாளில் வீடு திரும்புவோம். அந்த இளைஞருக்கோ அது பிழைப்பு, ஊர், எல்லாம். படிகளில் இறங்கும்போது நண்பர் எம் காதருகே, "பெரிய பிழை செய்துபோட்டன் மாஸ்ரர்" என்றார். அவருக்கு நாம் என்ன சொல்வது? கேள்விக்கு விடை சொல்லாமல் நகர்ந்து தப்பிய காலம் எம் ஊரிலும் இருந்தது. அதை அறிந்த நாமே மறந்தோம் என்பதுதான் உறுத்திற்று.

பிற்பகல் ஜோகாங் கோயிலுக்குச் சென்றோம். கோயிலைச் சூழ்ந்த வீதிக்குள் நுழையச் சோதனைச் சாவடியைக் கடக்கவேண்டும். கேட்பதற்கு முன்னமே எம் கைகள் பையைத் திறந்து பிடித்தன. பழைய பழக்கம் கைகளை விட்டுப் போகவில்லை. உள்ளே 7ஆம் நூற்றாண்டில் சீன இளவரசி வென்செங் மணப்பெண்ணாக வந்தபோது கொண்டுவந்ததாகக் கூறப்படும் சாக்கிய முனிவரின் திருவுருவம் உள்ளது. 12 வயதுப் பாலகன் உருவம் என்பர். பொதலாவிலும் பார்க்க மக்களுக்கு நெருக்கமானது இக்கோயிலே. வெண்ணெய் விளக்குக்களின் வாசனை எமது கோயில் மூலத்தான வாசனைக்கு அதிகம் தூரமில்லை. உள்ளே போக எமக்கு நுழைவுச் சீட்டு. பக்தர்களுக்குத் தனி வரிசை. இரண்டு வரிசைகளுக்கும் இடையே ஒரு கயிறுதான்.

வாயிலுக்கு வெளியே, தேய்ந்து கண்ணாடிபோல மினுங்கும் கற்றளத்திலே, ஆணும் பெண்ணுமாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுகிறார்கள். உள்ளங்கையிலே மரத்துண்டு கட்டி, அது கல்லில் வழுக்கும் ஓசை இடையறாது கேட்கிறது. பல நூறு மைல்களை உடம்பாலேயே அளந்து வந்தவர்களும் அவர்களுள் இருப்பார்கள். ஒரு முதியவள், நெற்றியிலே தழும்பேறியவள், ஒரு சிறு பாயில் விழுந்து விழுந்து எழுந்தாள். நாம் கமராவை எடுத்துச் சற்றுத் தள்ளி நின்று தருணம் பார்த்தோம். அவள் எழுந்தாள், எம்மைக் கண்டாள். நாம் இடத்துக்காகக் காத்து நிற்பதாக நினைத்துவிட்டாள் போலும். பாயின் ஓரமாக ஒதுங்கி, மறுபாதியைக் கையினால் தட்டிக் காட்டினாள்.

கமராவை நண்பரிடம் கொடுத்துவிட்டோம். அட்டாங்க நமஸ்காரம் எமக்குப் புதியதன்று. நல்லூர் மணலிலே செய்தது. ஆனால் 3,650 மீற்றரிலே மூன்றாவது நமஸ்காரத்தில் மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. எழமாட்டாமல் முழங்காலில் நின்ற எம்மைப் பார்த்து அவள் பல்லில்லாத வாயால் சிரித்து, முதுகிலே ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் கணக்கைத் தொடர்ந்தாள். படம் எடுக்கவில்லை.

கடைசி நாள் விடியற்காலையில் கோயிலைச் சூழ்ந்த பார்கோர் வீதியை வலமாக ஒருமுறை சுற்றினோம். சந்தையிலே வாங்கிய 108 மணி மாலை கையிலிருந்தது. நயின் சிங்கைப் போல அடிகளை எண்ணிப் பார்ப்போம் என்பது நண்பரின் யோசனை. நானூறு வரை எண்ணினோம். பின்னாலிருந்து வந்த கூட்டம் எம்மை நெருக்கி முன்னே கொண்டுபோயிற்று. சாம்பிராணிபோன்ற புகை கண்ணை மறைத்தது. நண்பர் ஓர் எண் சொன்னார், நாம் வேறோர் எண் சொன்னோம்.

நிலையத்துக்குப் போகும் வண்டியிலே வழிகாட்டி நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்பு திரும்பி, "அந்தத் தென்னாட்டு மலைக்கு, அந்தப் பொதிகைக்கு, ஏறிப் போகலாமா?" என்று கேட்டார்.

போகலாம் என்றோம்.

"அனுமதிப் பத்திரம் வேண்டுமா?"

வனத்துறையினரிடம் பெறவேண்டும் என்று சொன்னோம். அவர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். நிலையத்திலே பொதிகளை இறக்கி எம் கையிலே தந்து, வரிசை வரைக்கும் கூட வந்து, அதற்கப்பால் அவருக்கு அனுமதியில்லாத இடத்திலே நின்றுகொண்டார்.