ஒற்றைத் தண்டில் நின்ற ஆடி

பத்திரிகைத் தொழிலை விட்டு ஓய்ந்த பின்னர் நான் செய்த உருப்படியான காரியம் ஒரு தொலைநோக்கி. ஆறு அங்குலக் குழிவாடியை மட்டும் விலைக்கு வாங்கினேன். எட்டு அங்குல பீவீசீ குழாயில் தொடங்கி மற்றவையெல்லாம் கைவேலை. 2023 ஓகஸ்டில் அதை அறுகம்பேக்குக் கொண்டுசென்றேன். அம்மாதம் 27ஆம் திகதி சனிக்கோள் சூரியனுக்கு நேரெதிரே வந்தது; மேற்கே பொழுது சாய, அது கிழக்கே கடலிலிருந்து எழும். வளையத்தைக் காட்டுவதாக அயற்பிள்ளைகளையும் அழைத்துவிட்டேன்.

முதல் நாளே மானம் போயிற்று. கச்சான் காற்று வீசும்போதெல்லாம் சனி நடுங்கியது. "சும்மா ஒரு வெளிச்சம்தானே" என்று சொல்லிவிட்டு ஒரு சிறுவன் வீட்டுக்குப் போனான்.

குற்றம் குழிவாடியில் இல்லை. நியூட்டன் 1668இல் செய்த அமைப்பில், குழிவாடி குவிக்கும் ஒளியை, குழாய் வாயருகே 45 பாகையில் நிற்கும் சிறு தளவாடி பக்கவாட்டில் திருப்பும். அது ஒரு பாகை சாய்ந்தால் ஒளி இரண்டு பாகை விலகும். நானோ அதை ஒற்றை இரும்புத் தண்டின் நுனியில் ஒட்டியிருந்தேன்!

மறுநாள் படகு திருத்தும் முதியவர் ஒருவரிடம் காட்டினேன்.

"தம்பி, ஒத்தக் கயிற்றில பாய்மரம் நிக்குமா? நாலு பக்கமும் இழுத்துக் கட்டோணும்."

"தடித்த தண்டு போட்டால் என்ன, காக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை. இரும்பறுக்கும் வாள் பிளேட்டுகள் இரண்டை முறித்து நான்காக்கினார். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் துளை ஏற்கெனவே இருந்தது. அதில் திருகாணி பூட்டிக் குழாய்ச் சுவரோடு இழுத்தார். மறுமுனைகளை நடுவிலிருந்த மரக்கட்டையின் வெட்டுகளில் படகுக்குப் பூசும் பிசின் கொண்டு ஒட்டினார். பிளேட்டின் விளிம்புதான் ஒளியைப் பார்த்து நின்றது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு.

ஆயினும் கட்டையை விரலால் திருகியபோது சற்று முறுகியது. எதிரெதிர்ப் பிளேட்டுகள் மையத்தின் ஊடாக ஒரே கோட்டில் இருந்தால் அப்படித்தான். அவர் மீண்டும் பிரித்து, மையத்திலிருந்து சிறிது விலக்கி ஒட்டினார். இனிக் கட்டை முறுகவேண்டுமானால் பிளேட் நீளவேண்டும். எஃகு எளிதில் நீளாது. அவர் இதைப் புத்தகத்தில் படித்தவரல்லர். என் பங்குக்குத் தளவாடியைக் கட்டையில் மூன்று சிலிக்கன் பொட்டுகளால் மட்டும் ஒட்டினேன். முழுவதும் பசை பூசினால் அது இறுகும்போது கண்ணாடியை வளைத்துவிடும்.

மூன்றாம் இரவு, 120 மடங்குப் பெருக்கத்தில், சனி அசையாமல் நின்றது. கோளுக்கும் வளையத்துக்கும் இடையே கருமையான இடைவெளிகூடத் தெரிந்தது. முன்பு வந்த பிள்ளைகளில் மூவரே திரும்பி வந்தனர்.

பின்னர் வடக்கே வேகா விண்மீனுக்குத் திருப்பினேன். அதிலிருந்து நான்கு ஒளிக்கதிர்கள் சிலுவையாய் நீண்டிருந்தன. அவை பிளேட்டுகளின் விளிம்பில் ஒளி வளைவதால் வருபவை என்று விளக்கினேன்.

காக்கா மறுபடியும் குனிந்து பார்த்தார். "அப்ப நம்மட பிளேட்டும் வானத்தில தெரியுது" என்றார்.