டோக்கன் எண்ணியாச்சா?

கல்யாண வீடியோ ஒன்றை கிளவுடில் ஏற்றும்போது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் பாடுபட்டு உழைக்கிறது என்றுதான் நினைப்போம். உண்மையில் அது பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. எங்கோ இருக்கும் சர்வரிடமிருந்து பதில் வரக் காத்திருக்கிறது.

அந்தக் காத்திருப்பை வீணாக்காத முறைக்கு ‘அசிங்க்’ என்று பெயர். பைத்தான் மொழியில் இதற்கான வசதி 2014-ல் வந்தது. அமேசானின் எஸ்3 சேமிப்பகமோ 2006-லேயே வந்துவிட்டது. அதற்கு அமேசான் தரும் பைத்தான் லைப்ரரி, ஒன்றை அனுப்பினால் பதில் வரும்வரை அங்கேயே நிற்கும் ரகம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில், வீட்டு மாடியிலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெண், எஸ்3-க்கு அசிங்க் முறையில் ஒரு சின்ன லைப்ரரி எழுதிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தது ஊரிலுள்ள ஒரு போட்டோ ஸ்டூடியோ. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை.

“அசிங்கமா? ஏங்கண்ணு, வேற பேரே கிடைக்கலையா?”

“ஒருத்தர் வேலை முடியற வரைக்கும் அடுத்தவங்களை நிக்க வெக்காம இருக்கறதுப்பா.”

“அட, இது எங்க பேங்க் டோக்கன்!”

இளைய தலைமுறை பார்த்திருக்காது. அன்று வங்கியில் செக்கை நீட்டினால், எண் பொறித்த பித்தளை டோக்கன் தருவார்கள். நீங்கள் பெஞ்சில் உட்காரலாம். கவுன்ட்டருக்கு அடுத்தவர் வந்துவிடுவார். உள்ளே கையெழுத்தும் லெட்ஜரும் சரிபார்த்து, எண்ணைக் கூப்பிட்டதும் டோக்கனைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

அசிங்க் முறையும் அதேதான். பெரிய வீடியோவை எஸ்3-க்குத் துண்டு துண்டாக அனுப்பலாம். கடைசித் துண்டு தவிர ஒவ்வொன்றும் குறைந்தது 5 எம்பி. மொத்தம் 10,000 துண்டுகள் வரை. ஒவ்வொரு துண்டுக்கும் ‘டாஸ்க்’ என்ற ஒரு டோக்கன். ஒன்றின் பதிலுக்குக் காத்திருக்கும்போதே அடுத்தது கிளம்பிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். “சாயங்காலம் டோக்கனை யாரு கண்ணு எண்ணறது? எங்ககிட்ட ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுக்குப் போக முடியாது.”

சாதாரணக் கேள்வி இல்லை. பைத்தான் தன்னிடம் ஒப்படைத்த டாஸ்க்கை இறுகப் பிடித்து வைப்பதில்லை. எழுதுபவர் தனியாகக் குறித்து வைக்காவிட்டால், வேலை முடியும் முன்பே அது நினைவகத்திலிருந்து துடைக்கப்படலாம் என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. எஸ்3 பக்கமும் ஒரு கணக்கு உண்டு. எல்லாத் துண்டுகளும் போன பிறகு ‘சேர்த்துவிடு’ என்ற கடைசிக் கட்டளை போகாவிட்டால் வீடியோவே உருவாகாது. அனுப்பிய துண்டுகளுக்கு வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஸ்டூடியோக்காரர்கள் ‘ஏறிவிட்டது’ என்ற செய்தியைப் பார்த்ததும் மெமரி கார்டை அழித்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தச் செய்தி தப்பாக இருந்தால், ஒரு குடும்பம் தாலி கட்டிய நேரம் போனது போனதுதான்.

மகள் வேகத்தைக் கூட்டும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு, எண்ணும் பகுதியை முதலில் எழுதினார். கிளம்பிய ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பட்டியலில் ஓர் இடம். போய்ச் சேர்ந்த துண்டு, அனுப்பிய துண்டோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு சோதனை. தவறிய துண்டு மட்டும், இடைவெளியைக் கூட்டிக்கூட்டி, மறுபடி போகும். அப்படியும் முடியாவிட்டால் பூசி மெழுகாமல் ஒரு வரி: ‘ஏறவில்லை, கார்டை அழிக்காதீர்கள்.’

வேகம் கொஞ்சம் குறைந்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. முடியாத வேலையை முடிந்தது என்று சொன்னால்தான் நஷ்டம்.

நாமும் இதைப் பழகிக்கொள்ளலாம். ‘பேக்கப் முடிந்தது’ என்று போன் சொன்னாலும், அழிக்கும் முன் வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ இரண்டு படங்களையாவது, ஒரு வீடியோவையாவது திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.