அம்மன் காசின் வயது

புதுக்கோட்டை அம்மன் காசை விற்பவர்கள் அனேகமாக எல்லாக் காசையும் 1738ஆம் ஆண்டினது என்றே சொல்கிறார்கள். சதாசிவ பிரம்மேந்திரரைத் தொண்டைமான் மன்னர் சந்தித்ததாக மரபு சொல்லும் ஆண்டு அது. காசிலோ ஆண்டே கிடையாது. ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய'. தலைமுறைகளாக இதே அமைப்புதான். ஆகவே உருவத்தை விட்டு விளிம்பைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த மூன்றில் இரண்டு கோணலானவை. அம்மனின் தலை ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். கையால் அடித்தவை, மூத்தவை. மூன்றாவது சீரான வட்டம், தெளிவான எழுத்து. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் வந்த இயந்திர அச்சு. பாட்டி அதைத்தான் மிகப் பழையதென்று மஞ்சள் துணியில் தனியே முடிந்து வைத்திருந்தாள். அவளுடைய தாயார் நவராத்திரியில் அரிசியோடு வாங்கி வந்த காசு அது.