இடையில் ஒரு சாரியை

இலக்கணம் கற்பிப்போர்க்குக் கணினி விளையாட்டில் என்ன வேலை என்று மாணவச் செல்வங்கள் நகைக்கக்கூடும். சென்ற கோடை விடுமுறை வரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

நம் தமக்கை மகன் பொறியியல் பயில்பவன். மூன்று திங்களாக அவன் ‘ஸ்கைரிம்’ என்னும் விளையாட்டில் ஆழ்ந்திருந்தான். 2011 நவம்பரில் வெளிவந்த அவ்விளையாட்டு இன்றும் புதுமை குன்றாமல் இருப்பதற்குப் பெருங்காரணம், ஆடுவோரே எழுதிச் சேர்க்கும் மாற்றமைப்புகள். அவற்றை இளைஞர்கள் ‘மாட்’ என்பர். ஒருவர் மலைக்குப் பனி சேர்ப்பார். ஒருவர் மாந்தரின் முகம் திருத்துவார். வேறொருவர் புதிய ஊரையே எழுப்புவார்.

ஒரு நாள் மாலை, திரையில் ஒரு காவலனைக் கண்டோம். முகம் கரி படிந்தாற்போல் இருண்டிருந்தது. கழுத்தும் கைகளும் வேறு நிறமாய் இருந்தன. காரணம் வினவினோம்.

“மாமா, ஒரு கோப்பு இவன் முகத்தை மாற்றியது. இன்னொன்று இவன் வாளை மாற்றியது. இரண்டிலும் பிழையில்லை, ஒன்றையொன்று அறியாதவை, அவ்வளவுதான்” என்றான்.

அவன் விளக்கியது இது: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பதிவு உண்டு. ஒரே பதிவை இருவர் தொட்டால், ஏற்ற வரிசையில் பின்னர் வருவதே வெல்லும். அதுவும் முழுமையாக வெல்லும். வாளை மாற்றியவரின் பதிவில் பழைய முகக்குறிப்பே இருக்கும். முகத்தை மாற்றியவரின் உருவக்கோப்போ தனியே எஞ்சி நிற்கும். இரண்டும் பொருந்தாமையால் முகம் இருள்கிறது.

விளங்கியதும் நமக்குள் ஓர் ஆசிரியச் செருக்குத் தலைதூக்கியது. “வாளை மாற்றிய கோப்பை நீக்கிவிடு, தொல்லை தீரும்” என்றோம். அவன் தயங்கினான். நாம் வற்புறுத்தினோம். பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளை, நீக்கிவிட்டான்.

முகம் தெளிந்தது, ஆட்டம் கெட்டது. அக்கோப்பு வாளை மட்டும் தந்ததன்று. சில நிகழ்வுகளை இயக்கும் கட்டளைகளையும் கொண்டிருந்தது. அக்கட்டளைகளின் தடம் அவனது சேமிப்புக் கோப்பினுள் ஏற்கெனவே பதிந்துவிட்டது. மூலம் அகன்றபின் அவை வேரற்றுத் தொங்கின. கதை ஓரிடத்தில் நின்றது, பின் நகரவேயில்லை. மூன்று திங்கள் உழைப்பு வீணாயிற்று. “ஆட்டத்தின் நடுவே நீக்கலாகாது” என்று அக்கோப்பின் முகவுரையிலேயே எழுதியிருந்ததைப் பின்னர் கண்டோம். முகவுரை படியாமல் நூலைத் திறவாதீர் என்று வகுப்புதோறும் ஓதுவோர் நாமே!

அவன் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அம்மௌனமே நம்மை வாட்டியது. மறுநாள் புதிதாகத் தொடங்கினான்; நாமும் அருகில் அமர்ந்தோம். இம்முறை முகவுரைகளைப் படிப்பது நம் பணியாயிற்று. 2016 அக்டோபரில் 64 பிட் பதிப்பு வந்தபோது, 32 பிட்டுக்கென எழுதப்பட்ட பல இணைப்புகள் அப்படியே இயங்கவில்லை என்றும், 2021 நவம்பரில் விளையாட்டு புதுப்பிக்கப்பட்டபோது பலவற்றை மீண்டும் ஆக்க வேண்டியதாயிற்று என்றும் அறிந்தோம். மூலம் மாறினால் உரையும் மாற வேண்டும் அன்றோ!

காவலனின் சிக்கலை அவன் தீர்த்த முறைதான் நம் நெஞ்சில் நின்றது. இரண்டையும் வைத்துக்கொண்டான். ஒன்றிலிருந்து முகக்குறிப்பையும் மற்றொன்றிலிருந்து வாளையும் எடுத்து, ஒரே பதிவுடைய சிறு கோப்பொன்றை ஆக்கி, வரிசையின் இறுதியில் வைத்தான். முகமும் தெளிந்தது, வாளும் நிலைத்தது.

கண்டதும் நமக்குச் சாரியை நினைவுக்கு வந்தது. ‘பல’ என்பதும் ‘ஐ’ என்பதும் தனித்தனியே குற்றமற்றவை; நேரே சேர்ந்தால் பொருந்தா. இடையே ‘வற்று’ வந்து ‘பலவற்றை’ ஆக்குகிறது. தனக்கென ஒரு பொருளை நாடாமல் இரண்டையும் இசைவிப்பதே அதன் தொண்டு.

மாணவச் செல்வங்களே! பொருந்தாத இரண்டைக் கண்டால் ஒன்றை நீக்கிவிட நம் கை விரைகிறது. நீக்குவது நொடிப்பொழுதில் முடியும். நீக்கியது எதையெதைத் தாங்கி நின்றது என்பது பின்னரே தெரியும். முதலில் படியுங்கள், பின்னர் இடையில் ஒரு சாரியை தேடுங்கள். மூன்று திங்கள் இழப்பைப் பிறன் தலையில் சுமத்தி நாம் கற்ற பாடம் இது.