கொலுப்படிக்குப் பின்னால்

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் நிரம்பிவிடும். எனக்கும் வேலை கூடும். மாட வீதிப் பழைய வீடானாலும் அடையாறு பிளாட்டானாலும் கொலு வைக்கிற மூலையில் பெரும்பாலும் ஒரே ஒரு 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்தான். அதிலிருந்து படிகளுக்கு எல்.இ.டி. ஸ்ட்ரிப், பார்க்கில் குளத்துக்குக் குட்டி பம்ப், சுற்றும் பொம்மைக்கு மோட்டார் எல்லாம் ஓட வேண்டும். "ஒரு பாயின்ட் தாங்குமா சார்?" என்பதுதான் முதல் கேள்வி.

தாராளமாகத் தாங்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். மீட்டருக்கு 4.8 வாட் ஸ்ட்ரிப் 10 மீட்டர் ஒட்டினாலும் 48 வாட்தான்; பம்ப், மோட்டார் சேர்த்தால் 60 வாட்டுக்குள் அடங்கும். மல்டி பிளக் மேல் மல்டி பிளக் செருகி, ஆளுக்கொரு அடாப்டர் தொங்கவிடுவதுதான் ஆபத்து. கனத்தில் பின் தளரும். தளர்ந்த இடம் சூடேறும்.

அதற்குப் பதில் நான், 230 வோல்ட்டை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றும் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றே ஒன்று வைப்பேன். ரிச்சி தெருவில் கிடைக்கும். பாதி லோடில் ஓடுவதால் சூடு குறைவு. மூன்று பின் பிளக்கில் எர்த் கட்டாயம். கொலு ஸ்டாண்டும் இரும்பு, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் இரும்பு. 230 வோல்ட் டெர்மினலை மூடி, காற்றுப் படும்படி துணிக்கு வெளியே வைக்க வேண்டும்.

"10 ஆம்பியர் கொடுத்தால் அரை ஆம்பியர் பம்ப் எரிந்துவிடாதா?" என்பார்கள். எரியாது. வோல்ட்டேஜ் பொருந்தினால் போதும். கரன்ட்டை அது தனக்கு வேண்டிய அளவுதான் இழுக்கும். 5 வோல்ட் பம்ப் என்றால் மட்டும் நடுவில் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஒரு பக் கன்வெர்ட்டர் வேண்டும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று மெல்லிய வயரை இழுத்துவிடுகிறார்கள். அந்த வயர் படியில் நசுங்கி ஷார்ட் ஆனால், எஸ்.எம்.பி.எஸ். தன்னிடமுள்ள கரன்ட்டை அதில் தள்ளும். வயர் பழுக்கும், மேலே பட்டுத் துணி. மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இந்த 12 வோல்ட் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. அதனால் ஒவ்வொரு லைனும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் புறப்படும் இடத்திலேயே தனி பியூஸ் போடுவேன்: 2 ஆம்பியர் ஸ்ட்ரிப்புக்கு 3 ஆம்பியர், பம்ப்புக்கு 1 ஆம்பியர். பியூஸ் காப்பது வயரை. வயரின் திறனைத் தாண்டி அது இருக்கவே கூடாது.

வயரின் கனம் வெளிச்சத்திலும் தெரியும். அரை ஸ்கொயர் எம்.எம். வயரில் 2 ஆம்பியரை 5 மீட்டர் கொண்டுபோனால் போக வர முக்கால் வோல்ட் கரைந்துவிடும். 1 ஸ்கொயர் எம்.எம். போட்டால் அது பாதியாகும். நுனியை முறுக்கி, லக் வைத்து நசுக்கி, ஸ்க்ரூவை இறுக்குவேன். வெளியே ஓர் இழை நீண்டிருந்தாலும் கழற்றி மறுபடி செய்வேன். பக்கத்து டெர்மினலைத் தொட அந்த ஓர் இழை போதும்.

பொம்மைகளை அடுக்கும் முன்பே வயரிங்கை முடியுங்கள். அரை மணி நேரம் எல்லாவற்றையும் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அங்கே திருத்துங்கள். பியூஸ் போனால் காரணத்தைத் தேடுங்கள். பெரிய பியூஸ் மட்டும் போடாதீர்கள்.